கீறல் விழுந்த ரெக்கார்டும் ஆதி தாளமும்
மடிக்கணினியை வைத்து ஒரு சுழல் கச்சேரி

"கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி சொன்னதையே சொல்லாதே" என்று வீட்டில் திட்டு வாங்காதவர்கள் நம்மில் குறைவு. அந்தத் திட்டுக்கும் நாம் குடியேறி வாழும் இந்த ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலானோர் பாட்டைப் பதிவு செய்தார். 1908-இல் சியால்தா பகுதியில் இசைத்தட்டு அச்சிடும் ஆலை வந்தது. பிற்பாடு அது டம் டம்முக்கு மாறியது. நம் தாத்தா பாட்டிமார் தஞ்சாவூரிலும் மதுரையிலும் கேட்ட தமிழ்ப் பாட்டுத் தட்டுகளில் பல இந்த ஊரில் அச்சாகி ரயிலேறிப் போனவைதான்.

அந்தத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். கீறலில் ஊசி மாட்டிக்கொண்டால் முக்கால் விநாடிக்கு ஒருமுறை ஒரே துண்டு திரும்பத் திரும்பக் கேட்கும். நாம் ஊசியைத் தூக்கி அடுத்த பள்ளத்தில் வைப்போம். 1948-இல் பாரிஸ் வானொலியில் பியேர் ஷேஃபர் என்ற பொறியாளர் ஊசியைத் தூக்கவில்லை. வேண்டுமென்றே தட்டில் மூடிய வட்டமாகப் பள்ளம் வெட்டி, ரயில் ஓசை போன்றவற்றைச் சுழல விட்டு, அதிலிருந்தே இசை அமைத்தார். பழுது என்று நினைத்தது கருவியாகிவிட்டது.

இன்று 'லைவ் லூப்பிங்' என்று பிள்ளைகள் சொல்வது அதன் பேரப்பிள்ளை. மேடையில் ஒருவர் தனியாக நிற்பார். ஒரு தாளக்கட்டை வாயாலோ கையாலோ போட்டு, காலால் ஒரு பெடலை மிதிப்பார். அது சுற்ற ஆரம்பிக்கும். அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று. கடைசியில் அவரே அவருக்குப் பக்கவாத்தியம். 2017-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் எட் ஷீரன் கிட்டார், குரல், லூப் பெடல் இவற்றை வைத்துக்கொண்டு அத்தனை பெரிய கூட்டத்தின் முன் பெரும்பாலும் தனியாளாகப் பாடினார். நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இது அப்படித்தான் அறிமுகம்.

இதை ஏன் சங்க மலரில் எழுத வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

பக்கவாத்தியம் இல்லாத ஊர்

வெளிமாநிலத்தில் பாட்டுக் கற்கும் குழந்தைக்கு வருகிற பெரிய சங்கடம் பாட்டு வாத்தியார் கிடைக்காதது அல்ல. இப்போது கணினித் திரை வழியாகச் சென்னையிலிருந்தே சொல்லிக் கொடுக்கிறார்கள். கிடைக்காதது மிருதங்கம். இணையத்தில் இரண்டு பேர் சேர்ந்து பாடவும் வாசிக்கவும் முடியாது. ஒலி போய்ச் சேருவதற்குள் தாளம் தப்பிவிடும். ஆகவே குழந்தை வருடக்கணக்கில் சுருதிப் பெட்டியோடு தனியாகவே பாடிப் பழகுகிறது. மேடையேறும் நாளில்தான் முதல் தடவையாக இன்னொருவர் காலப்பிரமாணத்தோடு மோதுகிறது. பயந்து போய், பத்தாம் வகுப்பைக் காரணம் காட்டி, பாட்டை நிறுத்திவிடுகிறது. இப்படி நின்றுபோன பாட்டுகள் லேக் மார்க்கெட் பக்கத்திலேயே எத்தனையோ வீடுகளில் உண்டு.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெண் குழந்தை. அவளுக்கு வாசித்து வந்த மிருதங்கக்காரர் மாற்றலாகிச் சென்னைக்குப் போய்விட்டார். நவராத்திரிக் கொலுவுக்குப் பாட வேண்டும். கல்லூரியில் படிக்கும் அண்ணன், "நான் லேப்டாப்பில் லூப் போட்டுத் தருகிறேன்" என்றான். முதல் ஒத்திகை படுதோல்வி. ஏன் தோற்றது, எப்படிச் சரியாயிற்று என்பதைக் கூட இருந்து பார்த்ததில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆவர்த்தனமே லூப்

மேல்நாட்டுக்காரர்களுக்கு லூப் புது விஷயம். நமக்கு அப்படியல்ல. தாளம் என்பதே ஒரு வட்டம்தான். ஆதி தாளத்தில் எட்டு அட்சரம் முடிந்ததும் மறுபடி சமம். தம்புராவின் நான்கு தந்திகளும் மீட்டி முடிந்து மறுபடி முதல் தந்திக்கு வருகின்றன. 1960-களில் டேப் ரெக்கார்டர்களை வைத்து இந்த முறையை வளர்த்தவர்களில் ஒருவரான அமெரிக்கர் டெர்ரி ரைலி, 1970-இல் பண்டிட் பிராண் நாத்திடம் சீடராகச் சேர்ந்தார் என்பது தற்செயலாகத் தெரியவில்லை.

அந்த டேப் முறையைப் புரிந்துகொண்டால் கணினி செய்வது எளிதாக விளங்கும். இரண்டு டேப் ரெக்கார்டர்கள், இரண்டுக்கும் பொதுவாக ஒரே நாடா. முதல் பெட்டி பதிவு செய்கிறது. நாடா நகர்ந்து இரண்டாவது பெட்டிக்கு வரும்போது அது ஒலிக்கிறது. அந்த ஒலியை மறுபடி முதல் பெட்டிக்கே அனுப்பினால் சுழற்சி கிடைத்துவிடும். ராபர்ட் ஃபிரிப்பும் பிரையன் ஈனோவும் 1973-இல் வெளியிட்ட இசைத்தட்டு இப்படி உருவானதுதான். நாடா விநாடிக்கு 19 செ.மீ. ஓடினால், ஆறு விநாடி ஆவர்த்தனத்துக்கு இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே 114 செ.மீ. நாடா வேண்டும். தாளத்தை மாற்ற வேண்டுமென்றால் பெட்டியை நகர்த்த வேண்டும்!

கணினியில் நாடாவுக்குப் பதில் நினைவகம். ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதி வைக்கிறது. நிமிடத்துக்கு 80 அட்சரம் என்ற வேகத்தில் ஆதி தாளத்தின் ஒரு ஆவர்த்தனம் 6 விநாடி, அதாவது 2,64,600 எண்கள். ஒற்றைத் தடத்துக்கு அரை மெகாபைட்தான் ஆகும். இன்றைய மடிக்கணினிக்கு இது தூசு. ஆகவே புது கம்ப்யூட்டர் வாங்கத் தேவையில்லை. வீட்டில் இருப்பதே போதும்.

என்னென்ன வேண்டும்?

முதலில் மைக். டைனமிக் வகை மைக் நல்லது. வாய்க்கு அருகில் வருவதை மட்டும் வாங்கிக்கொள்ளும், தூரத்துச் சத்தத்தை அவ்வளவாக இழுக்காது. இரண்டாவது ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கின் மின்னலையை எண்ணாக்கிக் கணினிக்குத் தருகிற சிறு பெட்டி இது, யு.எஸ்.பி.யில் இணையும். மடிக்கணினியின் சொந்த மைக் துளையை இதற்கு நம்ப வேண்டாம். மூன்றாவது கால் பெடல். இதற்கென்றே மிடி பெடல்கள் விற்கின்றன. ஆரம்பத்தில் பழைய யு.எஸ்.பி. கீபோர்டைத் தரையில் வைத்து விரலால் அழுத்திக்கொண்டாலும் போதும். அந்த அண்ணன் அப்படித்தான் செய்தான். நான்காவது ஸ்பீக்கரும் ஹெட்போனும்.

பிறகு மென்பொருள். 2001-இல் வந்த ஏபிள்டன் லைவ் மேடைக்கென்றே எழுதப்பட்டது. 2009-இல் வந்த அதன் எட்டாம் பதிப்பில் 'லூப்பர்' என்ற கருவியே சேர்க்கப்பட்டது. காசு போட விருப்பமில்லாதவர்களுக்கு சூப்பர்லூப்பர், மோபியஸ் என்ற இலவச மென்பொருள்கள் உண்டு. எதை எடுத்தாலும் நான்கு கட்டளைகள்தான் முக்கியம்: பதிவு, மேலே சேர்த்தல், கடைசியாகச் சேர்த்ததை நீக்கல், நிறுத்தல். நான்கையும் நான்கு பெடலுக்கோ நான்கு விசைக்கோ கட்டிவிடுங்கள். மேடையில் மௌஸைத் தேடுகிறவர் பாட முடியாது.

தாமதம் என்னும் திருடன்

முதல் ஒத்திகை தோற்றதற்கு முதல் காரணம் தாமதம். கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக வாங்காது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாளி வாளியாக வாங்கும். இந்த வாளிக்கு 'பஃபர்' என்று பெயர். வாளி 1024 எண் அளவு என்றால் அது நிறையவே 23 மில்லி விநாடி ஆகும். 256 என்றால் 6, 128 என்றால் 3. உள்ளே வர ஒரு வாளி, வெளியே போக ஒரு வாளி, நடுவில் வேறு சில்லறைத் தாமதங்கள்.

எவ்வளவு தாமதம் பொறுக்கலாம்? காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரர் ஒலி பாடகர் காதுக்கு வர 10 மில்லி விநாடி ஆகிறது. அதை நாம் குறையாகச் சொல்வதில்லை. எனவே மொத்தத் தாமதம் பத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். முப்பது, நாற்பது என்று போனால் பாடுகிறவர் தன் குரலையே துரத்த ஆரம்பிப்பார்.

செய்ய வேண்டியவை மூன்று. விண்டோஸ் கணினியில் 'ஏசியோ' என்ற வகை டிரைவரையே பயன்படுத்துங்கள். இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தருவதைப் போட்டுக்கொள்ளலாம். பஃபரை 128 அல்லது 256-இல் வையுங்கள். ஒலி உடைந்து கரகரத்தால் ஒரு படி ஏற்றுங்கள். உங்கள் குரலைக் கணினி வழியாகச் சுற்றி வந்து கேட்காமல், இன்டர்ஃபேஸ் பெட்டியிலேயே இருக்கும் நேரடிக் கேட்பு வசதியில் கேளுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. மென்பொருளின் மெட்ரோனோமை ஓடவிட்டு, ஹெட்போனை மைக்கின் மேல் வைத்து, அந்த 'டிக்' ஒலியையே லூப்பாகப் பதிவு செய்யுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே 'டிக்' கேட்டால் சரி. 'டிடிக்' என்று இரட்டையாகக் கேட்டால், பதிவை எவ்வளவு முன்னே தள்ள வேண்டும் என்பதை அமைப்பில் மாற்றி, இரண்டும் ஒன்றாகும்வரை திருத்துங்கள். பத்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் 'கம்ப்யூட்டருக்குத் தாளம் வராது' என்பார்கள்.

சமத்தில் கால், எடுப்பில் குரல்

இரண்டாவது தவறு காலில். அந்தக் குழந்தை பாட ஆரம்பிக்கும் இடத்தில் பெடலை மிதித்தாள். பாட்டோ சமத்தில் எடுப்பது அல்ல. ஆகவே லூப்பின் தலையும் தாளத்தின் தலையும் வேறு வேறாகிவிட்டன. லூப் எப்போதும் சமத்தில் தொடங்கிச் சமத்தில் முடிய வேண்டும். குரல் தன் எடுப்பில் வரட்டும். இதைப் பிரித்து உணர்வதே ஒரு தாளப் பயிற்சி.

மூடும்போது வரும் பிழை இன்னும் பொல்லாதது. ஐம்பது மில்லி விநாடி, கண் இமைக்கும் நேரத்தை விடக் குறைவு. அவ்வளவு தாமதித்து மூடினால் ஒவ்வொரு ஆவர்த்தனக் கடைசியிலும் ஒரு சின்ன விக்கல் வரும். பக்கத்தில் மெட்ரோனோமோ தாளக் கருவியோ தனியாக ஓடினால், இருபது ஆவர்த்தனத்தில், அதாவது இரண்டே நிமிடத்தில், ஒரு முழு விநாடி விலகிவிடும். 80 வேகத்தில் ஒரு அட்சரம் முக்கால் விநாடிதான். இரண்டு நிமிடத்தில் ஓர் அட்சரத்துக்கு மேல் போய்விட்டது!

இதற்கு வழி உண்டு. மென்பொருளுக்குத் தாளத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆதி தாளத்துக்கு நான்கு எண்ணிக்கை கொண்ட இரண்டு கட்டம், ரூபகத்துக்கு மூன்று, மிச்ர சாபுக்கு ஏழு, கண்ட சாபுக்கு ஐந்து. வேகத்தையும் கொடுத்துவிட்டு, பதிவு ஆவர்த்தனத் தலையில்தான் தொடங்க வேண்டும், அங்கேயேதான் முடிய வேண்டும் என்று கட்டிப்போடலாம். பிறகு ஆவர்த்தனத்தின் நடுவில் எங்கே மிதித்தாலும் அடுத்த சமம் வரை கணினி காத்திருக்கும். மேடைக்கு இதுதான் பத்திரம்.

ஆனால் வீட்டில் பழகும்போது இந்தக் கட்டை அவிழ்த்துவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். காலாலேயே மூடிப் பழகட்டும். லூப் ஒரு கண்ணாடி. மிருதங்கக்காரர் பெரிய மனது பண்ணி நம் தப்பை மூடிவிடுவார், லூப் மூடாது. நாம் போட்டதையே, போட்ட பிழையோடு, ஆறு விநாடிக்கு ஒருமுறை நமக்கே சொல்லிக் காட்டும். மூன்று வாரத்தில் அந்தக் குழந்தையின் காலப்பிரமாணம் திருந்தியது. வாத்தியார் திரையில் பார்த்துவிட்டு, "யாரிடமாவது தாளத்துக்குத் தனியாகப் போகிறாயா?" என்று கேட்டாராம்.

எதைச் சுழற்றலாம், எதைச் சுழற்றக் கூடாது?

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான கேள்வி. இந்த ஊரில் இது புதிய கேள்வியும் அல்ல.

1875 வாக்கில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ், அவருடைய துவார்கின் நிறுவனத்தில், மேல்நாட்டுக் கால் ஹார்மோனியத்தைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் கைப்பெட்டியாக மாற்றினார். அது நாடு முழுக்கப் பரவியது. நம் நாடகக் கொட்டகைகளையும் பஜனை மடங்களையும் எட்டியது. ஆனால் 1940 ஜனவரியில் ரவீந்திரநாத் தாகூர், வானொலி நிலையத்தில் ஹார்மோனியம் வேண்டாம் என்று எழுதினார். அந்த ஆண்டு மார்ச் முதல் அகில இந்திய வானொலியில் அதற்குத் தடை வந்தது. 1970-களின் தொடக்கத்தில்தான் தளர்ந்தது. காரணம் தெரிந்ததே. ஹார்மோனியத்தின் ஸ்வரம் அசையாது. நம் ராகத்தின் ஸ்வரமோ அசைவிலேயே உயிர் வாழ்வது. அதே மேல்நாட்டிலிருந்து வந்த வயலினைப் பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்து நாம் அணைத்துக்கொண்டோம், ஏனென்றால் அது கமகத்துக்கு வளைந்தது. ஆக, கருவி வெளியிலிருந்து வந்ததா என்பது கேள்வியே இல்லை. வளைய வேண்டிய இடத்தில் வளைகிறதா என்பதே கேள்வி.

லூப் வளையாது. ஆகவே வளையக் கூடாததை மட்டும் அதனிடம் கொடுங்கள். சுருதி வளையக் கூடாது, அதைக் கொடுக்கலாம். தாளக்கட்டு வளையக் கூடாது, அதையும் கொடுக்கலாம். ராகத்தைக் கொடுக்கக் கூடாது. தோடியின் காந்தாரத்தை ஒரு தடவை அசைத்துப் பாடி அதைச் சுழல விட்டுப் பாருங்கள். அடுத்த ஆவர்த்தனத்தில் நீங்கள் மத்யமத்துக்குப் போகும்போது பழைய காந்தாரம் கீழே இடிக்கும். மூன்றாம் சுற்றில் ராகம் எங்கே என்று தேட வேண்டியதுதான். மேல்நாட்டு இசையில் ஸ்வரங்களை அடுக்குவது அழகு. அதற்காகவே அவர்கள் இந்தக் கருவியைக் கொண்டாடுகிறார்கள். நம் ராகத்தை அதே அச்சில் வார்க்க வேண்டாம்.

சுருதியைக் கொடுப்பதிலும் ஒரு சூட்சுமம். தம்புரா ஒலியைத் தாள லூப்போடு சேர்த்துப் பதிவு செய்யாதீர்கள். ஒட்டுப் போட்ட இடம் ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் காதில் உறுத்தும். தம்புராப் பெட்டியையோ மென்பொருள் தம்புராவையோ தனி வழியில் இடைவிடாமல் ஓடவிடுங்கள்.

அந்தக் குழந்தைக்கு நாங்கள் கடைசியில் அமைத்தது மூன்றே அடுக்கு. தம்புரா தனி. முதல் லூப், அண்ணன் மெதுவாகச் சொன்ன 'தக திமி தக ஜுனு'. இரண்டாவது, ஒரு மரப்பெட்டி மேல் விரல் தட்டு. மூன்றாவது, ஆவர்த்தனக் கடைசியில் மட்டும் ஒரு சின்ன மணியொலி, சமம் வருகிறது என்று சொல்ல. அதற்கு மேல் குரல் மட்டுமே. பூஜைப் பந்தலில் ஃபோனில் பிடித்த டாக் மேள ஒலியையும் சேர்க்கலாம் என்றான் அண்ணன். தில்லானாவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டோம்.

அடுக்குகளைக் கூட்டும்போது ஒலியளவும் கூடும் என்பதை மறக்கக் கூடாது. எல்லை தாண்டினால் கணினி ஒலி அசிங்கமாகக் கிழியும். ஒவ்வொரு அடுக்கையும் பாதி அளவுக்குக் கீழேயே பதிவு செய்யுங்கள்.

மேடையில் கவனிக்க வேண்டியவை

ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்கட்டும். இல்லாவிட்டால் புது அடுக்கு போடும்போது பழைய அடுக்கும் மைக்குக்குள் புகுந்து மறுபடி பதிவாகும். நான்காம் சுற்றில் கிணற்றுக்குள் பாடுவது போலிருக்கும். பதிவு இல்லாத நேரத்தில் லூப்புக்குப் போகும் மைக் வழியை மூடி வையுங்கள். மூன்று முனை பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பந்தல் கரண்டில் 'ம்ம்ம்' என்று வரும் இரைச்சலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். மடிக்கணினியில் வைஃபை, ஸ்கிரீன் சேவர், தானாக வரும் அப்டேட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பேட்டரி முழுக்க ஏறியிருக்கட்டும். அப்படியும் கணினி நின்றுபோனால்? சுருதிப் பெட்டி தனியாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை கையில் தாளம் இருக்க வேண்டும். தாளம் போடும் கையை எந்தப் பெடலுக்காகவும் கட்டிப்போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. லூப் கேட்காது. பாடகி நிரவலில் லயித்து நின்றால் மிருதங்கக்காரர் ஒதுங்கி வழிவிடுவார், முகம் பார்த்து மோரா வைப்பார். லூப்புக்கு முகம் தெரியாது. அதனால்தான் நிறுத்தும் பெடலைப் பதிவுப் பெடலைவிட முக்கியமாகக் கருதச் சொல்கிறேன். கொலு அன்று கடைசிச் சரணத்தில் அண்ணன் எல்லா லூப்பையும் நிறுத்தினான். தம்புரா மட்டும் கேட்டது. குழந்தை கொஞ்சமும் அசையாமல் பாடிக்கொண்டு போனாள். உட்கார்ந்திருந்த மாமிகளும் மாமாக்களும் தாங்களாகவே தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்கள். அன்றைய கச்சேரியில் அந்த இரண்டு நிமிடம்தான் கச்சேரி.

நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஒரு மைக், ஒரு இன்டர்ஃபேஸ், ஒரு பெடல், இவ்வளவையும் சங்கத்தில் பொதுவாக வாங்கி வைத்து, பாட்டுப் படிக்கும் குழந்தைகளுக்கு வாரம் ஒருவராகக் கொடுக்கலாம். எந்தப் பிள்ளையும் துணையில்லை என்பதற்காகப் பாட்டை விட வேண்டாம். கூடவே, ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வருகிறவர்களில் மிருதங்கம் தெரிந்தவர் யாராவது உண்டா என்று விசாரித்துக்கொண்டே இருப்போம். அவர் வந்து உட்கார்ந்த அன்றைக்குப் பெட்டியை மூடி வைத்துவிடலாம்.